பிரிண்டில் இருட்டாகிப் போகும் போட்டோக்கள்

மானிட்டரில் பளிச்சென்று தெரியும் போட்டோ, பிரிண்ட் எடுத்தால் இருட்டடித்துப் போகிறதே என்று கலர் பிரிண்டர் புதிதாக வாங்கியவர்கள் பலர் கேட்கின்றனர். என்னிடமும் அப்படி ஒரு போட்டோ இருந்தது. என் தங்கை திருமணத்தன்று, அரக்கு நிறப் பட்டுப் புடவையில் பாட்டி சமையலறை வாசலில் நிற்கும் படம். பாட்டி இறந்து ஓராண்டு ஆனபோது, திதிக்கு அந்தப் படத்தை பிரேம் போட்டு வைக்க நினைத்தேன். மானிட்டரில் புடவையின் மடிப்புகளும், பின்னால் இருந்த பழைய மரக்கதவும் நன்றாகவே தெரிந்தன. மேட் பேப்பரில் வந்த பிரிண்டிலோ புடவையும் கதவும் ஒரே கறுப்பு.

பிரைட்னஸைக் கூட்டினேன். முகம் வெளுத்தது, கதவு அப்படியே இருந்தது. நான்கு பேப்பரும் அதற்கான இங்க்கும் வீண்.

மானிட்டர் தானே ஒளியைத் தருகிறது. பேப்பர், தன் மேல் விழும் ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதிலும் மேட் பேப்பரில் கிளாஸி பேப்பர் அளவுக்கு அடர்ந்த கறுப்பு வராது. டிஜிட்டல் போட்டோவில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் 0 முதல் 255 வரையிலான எண்களாகப் பதிவாகிறது. மூன்று நிறமும் 0 என்றால் முழுக் கறுப்பு. இந்த எண்களைக் குறிப்பிட்ட பிரிண்டர், இங்க், பேப்பருக்கு ஏற்ப மாற்றித் தரும் அட்டவணைதான் ப்ரொபைல். 1993ல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் கலர் கன்சார்டியம் வகுத்த முறையில் அமைவதால், இதனை ஐ.சி.சி. ப்ரொபைல் என்கிறோம்.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 0, 4, 8 என்று 40 வரை எண் கொண்ட சிறு கட்டங்களை வரிசையாக வரைந்து பிரிண்ட் எடுங்கள். என் பிரிண்டில் 24 வரை எல்லாக் கட்டமும் ஒன்றாகவே தெரிந்தது. பாட்டியின் புடவை மறைந்த இடம் அதுதான்.

பேப்பர் தயாரிக்கும் நிறுவனங்கள் பல, தங்கள் பேப்பருக்கான ப்ரொபைலை இலவசமாகவே தருகின்றன. உங்கள் பிரிண்டர் மாடலுக்கு உரியது கிடைத்தால் அதுவே போதுமானதாக இருக்கலாம். எனக்குக் கிடைக்கவில்லை. எனவே, தனியாகத் தயாரித்துத் தருபவரிடம் சென்றேன். அவர் தரும் வண்ணக் கட்டங்களை நம் பிரிண்டரில் அச்சிட்டு, ஒரு நாள் காயவிட்டு அனுப்ப வேண்டும். கருவியால் ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து ப்ரொபைல் பைலை அனுப்புவார். இந்தக் கட்டங்களை எந்த நிறத் திருத்தமும் இல்லாமல் அச்சிட வேண்டும். நான் பிரிண்டர் டிரைவரின் திருத்தத்தை நிறுத்த மறந்து, இரண்டாம் முறை தபால் செலவு செய்தேன். போட்டோஷாப்பில் திருத்தமின்றி அச்சிடும் வசதி 2010ல் வந்த சி.எஸ்.5 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இதற்கு வேறு புரோகிராம் வேண்டும்.

விண்டோஸில், வந்த பைல் மீது ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் ப்ரொபைல் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பின்னர் போட்டோஷாப்பின் பிரிண்ட் விண்டோவில் கலர் ஹேண்ட்லிங் என்ற இடத்தில் போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ் என அமைத்து, உங்கள் ப்ரொபைலைத் தேர்ந்தெடுக்கவும். ரெண்டரிங் இன்டென்ட்டில் ரிலேடிவ் கலரிமெட்ரிக் வைத்தால், பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷன் கட்டத்தில் அவசியம் டிக் செய்யவும். இது இல்லாவிட்டால், பேப்பரால் காட்ட முடியாத அடர் நிழல்கள் எல்லாம் ஒரே கறுப்பாக வெட்டப்படும். டிக் செய்தால் அவை பேப்பரின் எல்லைக்குள் சுருக்கி அடுக்கப்படும். டிரைவரில் நிறத் திருத்தத்தை நிறுத்தவும். இருவரும் திருத்தினால் படம் கெட்டுவிடும். பேப்பர் வகையும் தரமும் கட்டங்களை அச்சிட்டபோது இருந்தபடியே இருக்க வேண்டும்.

மீண்டும் சோதனை எடுத்தபோது 12லிருந்தே கட்டங்கள் பிரிந்து தெரிந்தன. மீதிக் குறைக்கு, படத்தின் நகலில் கர்வ்ஸ் மூலம் 20ஐ 26 ஆக உயர்த்தி, 64ல் ஒரு புள்ளி வைத்து நிறுத்தினேன். முகம் மாறவில்லை. மானிட்டரை மிக வெளிச்சமாக வைத்திருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும்; குறைத்துக்கொள்ளுங்கள்.

படம் மாட்டப்போகும் கூடத்து விளக்கடியில் பிரிண்டை வைத்துப் பார்த்தோம். புடவை மடிப்புகள் எல்லாம் தெரிந்தன. கதவு பாதிதான் தெரிந்தது. அதற்கு மேல் உயர்த்தினால் கறுப்பு சாம்பலாகிறது என்பதால் விட்டுவிட்டேன். பேப்பரை மாற்றினால் வேறு ப்ரொபைல் வேண்டும் என்பதால், அதே பேப்பரில் இன்னொரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன்.