காணாக்கடிக்குக் காரணம் என்ன?

பிள்ளையின் உடலில் திடீரெனச் சிவந்த தடிப்புகள் எழுந்து அரித்தால் அதைக் காணாக்கடி என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்தது என்பது ஒரு நம்பிக்கை; கிரந்திச் சாப்பாடு என்பது இன்னொன்று. உடனே இறாலையும் கணவாயையும் கத்தரிக்காயையும் நிறுத்துகிறோம். சில வீடுகளில் மீனும் முட்டையும்கூட மாதக்கணக்கில் விலக்கப்படுகின்றன. இதனால் வளரும் பிள்ளையின் போசாக்கே குறைகிறது.

காணாக்கடியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் சிறுவர்களைப் பற்றிப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்துள்ளன. காரணம் தெரிய வந்தவர்களுள் பெரும்பாலும் முதலிடம் பெறுவது தொற்று: தடிமன், தொண்டைநோ, காய்ச்சல், வயிற்றோட்டம். கிருமியை எதிர்க்கும்போது தோலிலுள்ள சில கலங்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. அதனால் தோல் தடிக்கிறது. உணவும் மருந்தும் அடுத்த காரணங்கள். பல பிள்ளைகளில் காரணம் தெரிவதேயில்லை.

எப்படிப் பிரித்தறிவது? உணவால் வருவது பெரும்பாலும் உண்டு சில நிமிடங்கள் முதல் 2 மணித்தியாலங்களுக்குள் வரும். அதே உணவை உண்ணும் போதெல்லாம் திரும்பவும் வரும். தொற்றால் வருவது காய்ச்சல், தடிமனோடு அல்லது அதையடுத்து வரும். ஒவ்வொரு தடிப்பும் ஒரு நாளுக்குள் மறைய, வேறிடத்தில் புதியது எழும். சில நாட்களில் அல்லது சில வாரங்களில் தானே அடங்கும். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தபின் வந்தால், காரணம் காய்ச்சலா மருந்தா என்பதை வைத்தியரே தீர்மானிக்கட்டும். அடுத்த வேளை மருந்தைக் கொடுக்குமுன் அவரிடம் காட்டுங்கள்.

தாமதிக்கக்கூடாத நிலைகளும் உண்டு. தடிப்போடு மூச்சுத்திணறல், குரல் மாற்றம், நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உயிராபத்து. குளவி கொட்டியபின், புதிய உணவு அல்லது மருந்தின்பின் இன்னும் கவனம் தேவை. அப்போது தொடைத் தசையில் ஏற்றும் அட்ரினலின் ஊசியே உயிர்காக்கும். வீட்டிலுள்ள பிரிட்டன் குளிசை போதாது. 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். பிள்ளையை நடக்கவிடாமல், கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் இருத்தி வையுங்கள்.

கண்ணாடிக் குவளையால் அழுத்தியும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள் காணாக்கடியல்ல. அவற்றையும் உடனே வைத்தியசாலையில் காட்ட வேண்டும்.

தடிப்பு வந்ததும் நான்கு விடயங்களைப் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் எழுதுவோம்: எத்தனை மணிக்கு வந்தது, அதற்குமுன் என்ன உண்டது, என்ன மருந்து கொடுத்தோம், காய்ச்சல் தடிமன் இருந்ததா. வைத்தியர் முதலில் கேட்பது இவற்றைத்தான். இவற்றைப் பார்த்து அவர் சொன்னபின் உணவை விலக்குவதே நல்லது.