தேயிலையின் நொதியமும் நுண்ணங்கித் தொழிலும்

ஊவா மாகாணத்துக்கு நுண்ணங்கி புதிய உறவன்று. 1869 ஆம் ஆண்டு மடுல்சீமைத் தோட்டமொன்றிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படர்ந்திருக்கக் கண்டனர். அது ஒரு பங்கசு. கண்ணுக்குப் புலனாகாத வித்திகளாற் பரவிய அப்பங்கசு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பிச் செய்கையை வீழ்த்திவிட்டது. கோப்பி அழிந்த மலைச்சரிவுகளிலேதான் தேயிலை தழைத்தது. நம் கல்லூரியிற் கற்றோர் பலருடைய முன்னோர் பதுளை, பசறை, ஹாலிஎல, லுணுகலை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேரூன்றியமைக்கும் அத்தேயிலையே காரணம். நமது வரலாற்றின் பெருந்திருப்பம் ஒன்றை ஒரு நுண்ணங்கி நிகழ்த்தியது என்பது மிகையாகாது.

அன்று பகையாய் வந்த இனத்தை இன்று மனிதன் ஏவலாளாக்கி வேலை வாங்குகின்றான். நொதியங்களையும் மருந்துகளையும் பிற இரசாயனங்களையும் நுண்ணங்கிகளைக்கொண்டு ஆக்கும் தொழில் உலகெங்கும் பெருகியுள்ளது. அத்தொழிலுக்கும் நம் மலையில் விளையும் கொழுந்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அறிவியற்பொருளைத் தமிழாசிரியர் எழுதப் புகுவதேன் என்று வினவுவார் உளராயின், சொல்லாராய்ச்சி எம் தொழிலாதலின் யாம் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகின்றோம் என்க.

அப்பமாவுக்குக் கள் விட்டு இரவு முழுவதும் மூடிவைத்தால் விடியலில் மாவு பொங்கி, நுரைத்து, புளிப்பு மணம் வீசும். இதனை நொதித்தல் என்கின்றோம். கள்ளிலுள்ள மதுவம் என்னும் நுண்ணுயிர் மாவின் வெல்லத்தை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுவதனால் நிகழ்வது அது. நொதித்தல் என்னும் இவ்வினையடியாகவே நொதியம் என்ற கலைச்சொல் ஆக்கப்பட்டது. மேனாட்டார் வழங்கும் 'என்சைம்' என்ற பெயரும் அவ்வாறு பிறந்ததே. 1877 இல் செருமானிய அறிஞர் கூனே, 'மதுவத்தினுள்' எனப் பொருள்படும் கிரேக்கத் தொடரிலிருந்து அப்பெயரை வகுத்தார். இருமொழியும் ஒரே வழியிற் சென்று சொல்லாக்கியமை மகிழத்தக்கது.

ஆயின் அதே சொல் தேயிலைத் தொழிற்சாலையிற் புகுந்து மயக்கம் விளைக்கின்றது. கொழுந்தை முதலில் வாட்டுகின்றனர், பின் உருட்டுகின்றனர், உருட்டிப் பிரித்த தூளை மேடையிற் பரப்பிக் காற்றுப்பட வைக்கின்றனர், பின்னர் வெப்பக் காற்றில் உலர்த்துகின்றனர். (ஆங்கிலத் தேயிலை நூல்கள் 'டூல்' என்று எழுதுவது நமது தூளையே, தொழிலாளர் வாய்மொழி துரைமாரின் ஏட்டில் ஏறிய இடங்களுள் இதுவும் ஒன்று.) தூளைப் பரப்பி வைக்கும் படிக்கும் நொதித்தல் என்றே பெயர். பச்சை நிறம் மாறிச் செப்பு நிறம் தோன்றுவதையும் மணம் எழுவதையும் கண்டோர், கள்ளிற்போல இங்கும் நுண்ணுயிர்களே வேலை செய்கின்றன என்று கருதினர். அக்கருத்துப் பிழையானது. தேயிலையைச் சிவக்கச் செய்வது வெளியிலிருந்து வந்த உயிரன்று. இலை தன்னுள்ளே வைத்திருக்கும் நொதியமே.

அது நிகழும் முறை வருமாறு. தேயிலைக் கலத்தினுள்ளே கற்றெச்சின் எனப்படும் பொலிபீனோற் பொருள்கள் ஓர் அறையில் அடங்கியுள. பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியமோ பச்சையவுருமணியிற் கிடக்கின்றது. இலை செடியில் உள்ளவரை இரண்டும் சந்திப்பதில்லை. உருட்டும் பொறியிற் கலங்கள் நசுங்கியவுடன் இடைச்சுவர் உடைகின்றது. நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனைக் கற்றெச்சினுடன் சேர்க்கின்றது. அதன் பயனாகத் தேனீருக்குப் பொன்னிறமும் துலக்கமும் தரும் தியாபிளேவின், கருஞ்சிவப்பும் திண்மையும் தரும் தியாரூபிசின் ஆகியவை பிறக்கின்றன. உலர்த்தும் அறையின் வெப்பம் நொதியத்தைச் சிதைத்து அவ்வினையை நிறுத்துகின்றது. எப்போது நிறுத்துவது என்பதை மூக்காலும் கண்ணாலும் அறியும் தொழிற்சாலை அதிகாரி, தம்மை அறியாமலே ஒரு நொதியவியலார் ஆகின்றார்.

ஐயமுற்ற மாணவர் இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு பிடி கொழுந்து எடுத்து, ஒன்றை இட்டலி அவிக்கும் ஆவியிற் சில நிமிடம் வைத்து ஆறவிடுக. பின் இரண்டையும் தனித்தனியே அம்மியில் நசுக்கி ஒரு மணி நேரம் விடுக. பச்சையாய் நசுக்கியது சிவக்கும். அவித்தது பச்சையாகவே கிடக்கும். ஆவியின் வெப்பம் நொதியத்தை முன்னரே அழித்துவிட்டமையே காரணம். சப்பானியர் பச்சைத் தேயிலை செய்வதும் இவ்வாறே.

உயிரில்லாமல் நொதியம் மட்டும் தனியே வேலை செய்யும் என்ற உண்மையை உலகம் 1897 இலேதான் தெளிவாகக் கண்டது. அவ்வாண்டு செருமனியில் பூக்னர், மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்தெடுத்த சாறு, உயிருள்ள கலம் ஒன்றும் இல்லாமலே வெல்லத்தை மதுசாரமாக்கக் கண்டார். நம் நாட்டிலும் இத்துறையிற் சிறந்த பணி நடந்துளது. 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தலவாக்கலை ஆய்வுகூடத்தில், லாம், சிறீரங்காச்சார் என்னும் இருவரும் 'இலங்கைத் தேயிலையின் நொதித்தல்' பற்றி ஆராய்ந்து, 1940 ஐ அடுத்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் உயிரிரசாயன இதழிலே தொடர் கட்டுரைகள் வெளியிட்டனர். மலைநாட்டு ஆய்வுகூடம் ஒன்று உலக அறிவியலின் முன்வரிசையில் நின்ற காலம் அது. அச்செய்தி நம் பாடநூல்களில் இடம்பெறாமை வருந்தத்தக்கது.

இனி நுண்ணங்கிக்கு வருவோம். நொதியமே வினைசெய்கின்றது எனின், அந்நொதியத்தை எங்கிருந்து பெறுவது? முற்காலத்தார் விலங்கிலிருந்தும் மரத்திலிருந்தும் பெற்றனர். பாற்கட்டி செய்வோர் பாலைத் திரைக்கும் நொதியத்தைப் பால்மறவாக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தனர். இறைச்சியை மெதுவாக்கும் பப்பேன் என்னும் நொதியம் பப்பாசிக் காயின் பாலிலிருந்து கிடைத்தது. 1894 இல் தக்காமினே என்னும் சப்பானியர் வேறொரு வழி காட்டினார். கோதுமைத் தவிட்டிலே பூஞ்சணத்தை வளர்த்து, மாப்பொருளைச் சிதைக்கும் நொதியத்தை அதிலிருந்து பிரித்து அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். கன்றும் வேண்டா, மரமும் வேண்டா. தவிடும் பூஞ்சணமும் போதும் என்றாயிற்று. குளிர்நீரிற் கரையும் உடனடித் தேயிலை செய்வோர், தேனீர் ஆறும்போது தோன்றும் கலங்கலை நீக்கத் தனேசு என்னும் நொதியத்தைப் பயன்படுத்துவர். அதனைத் தருவதும் பூஞ்சணமே.

எனினும் தக்காமினேயின் பூஞ்சணம் தன் இயல்பான நொதியத்தையே தந்தது. கன்றின் நொதியத்தைத் தா என்றால் அதற்குத் தெரியாது. தெரியச் செய்தமையே பின்வந்தோரின் சாதனை. எவ்வுயிரிலும் ஒவ்வொரு புரதத்தையும் ஆக்கும் ஆணை, டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையிலே பரம்பரையலகாகப் பொறிக்கப்பட்டுளது. நொதியமும் புரதமே. மனிதனுக்கும் பற்றீரியாவுக்கும் அவ்வாணையின் எழுத்து ஒன்றே. ஒரு மொழியில் எழுதிய ஓலையை அம்மொழி அறிந்த எவரும் படிப்பது போன்றது இது. 1973 இல் கோகன், போயர் என்னும் அமெரிக்க அறிஞர், இழையை வெட்டும் நொதியத்தாலும் ஒட்டும் நொதியத்தாலும் வேற்றுயிரின் துண்டொன்றைப் பற்றீரியாவின் சிறு வளைய இழையில் இணைத்து, அதனைப் பற்றீரியாவுக்குள் மீளச் செலுத்தினர். பற்றீரியா பெருகுந்தோறும் அவ்வாணையும் பெருகியது. 1978 இல் மனித இன்சுலினின் ஆணை இவ்வாறு பற்றீரியாவுக்குள் வைக்கப்பட்டது. 1982 இல் அம்மருந்து விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் நீரிழிவு நோயாளர் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினையே நம்பியிருந்தனர். கன்றின் நொதியமும் 1990 முதல் நுண்ணங்கி வழியே அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. புலால் மறுத்த நம்மவர் பாற்கட்டிப் பொதியின் அட்டையைப் படித்து வாங்குவராயின் இவ்வேறுபாடு அவர்க்குப் பயன்படும்.

அண்டை நாட்டிலே இத்தொழில் வளர்ந்த வரலாறும் சுவையானது. பியர் வடிக்கும் கலையை அவுஸ்திரேலியாவிற் கற்ற கிரண் மசும்தார் என்னும் பெண்மணி, 1978 இல் பெங்களூரிற் பயோகொன் நிறுவனத்தைத் தொடங்கினார். முதற்பொருள்கள் பப்பாசிப் பாலின் பப்பேனும், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் தெளிபொருளும். பின்னர் நுண்ணங்கி நொதியங்களுக்கு முன்னேறிய அந்நிறுவனம், 2004 இல் மதுவத்தால் ஆக்கிய மனித இன்சுலினை இந்தியச் சந்தைக்குக் கொணர்ந்தது. பப்பாசியிலிருந்து இன்சுலினுக்குச் சென்ற தூரம் இருபத்தாறு ஆண்டு.

இவை யாவும் பிற நாட்டுச் செய்திகள்தாமே என்பார்க்கு நம் ஊவாத் தேயிலையையே சான்றாகக் காட்டுவோம். ஆடி முதல் புரட்டாசி வரை கச்சான் காற்று மலை கடந்து வறண்டு வீசும் பருவத்தில் இங்கு விளையும் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. அதற்கே கொழும்பு ஏலத்தில் விலை உயரும். அம்மணத்திற் சிறப்பிடம் பெறுவது மெதயில் சலிசிலேற்று. கூடை சுமந்து நொந்த தோளுக்குத் தடவும் வலித்தைலத்தின் மணமும் அதுவே. பசிய இலையிலே இம்மணப்பொருள் தனித்திருப்பதில்லை. ஒருவகை வெல்லத்தோடு பிணைந்து மணமற்றுக் கிடக்கும். இலை நசுங்கும்போது பிரைமவரோசிடேசு என்னும் நொதியம் அப்பிணைப்பை அறுக்கவே மணம் விடுபடுகின்றது. சப்பானிய ஆய்வாளர் இந்நொதியத்தின் பரம்பரையலகைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்து, எஸ்செரிக்கியா கோலி என்னும் குடற்பற்றீரியாவுள் வைத்து, அப்பற்றீரியா ஆக்கிய நொதியமும் அவ்வாறே பிணைப்பை அறுப்பதைக் காட்டி 2002 இல் வெளியிட்டனர். கொழுந்தின் கமுக்கம் ஒன்று கொழுந்தே இல்லாத கண்ணாடிக் கலத்தில் நிகழ்ந்தது.

இங்கேதான் நமக்குக் கவலை எழுகின்றது. இலையின் பொருள்கள் கலத்திலே கிடைக்குமாயின் இலை பறிப்போர் கதி யாது? 1897 இல் செருமானிய ஆலை செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கியபின் பீகாரின் அவுரி வயல்கள் அழிந்ததை வரலாறு கூறும். தேயிலையின் அமினோ அமிலமாகிய தியனைன், சப்பானிலே பற்றீரியாவின் நொதியங்கொண்டு ஆக்கப்பட்டு மாத்திரைகளிலும் பானங்களிலும் சேர்கின்றது. அதற்கு ஒரு கொழுந்தும் தேவையில்லை. ஆனால் மறுபக்கமும் உண்டு. மலேரியா மருந்தாகிய ஆட்டிமிசினின் ஒரு செடியிலிருந்து கிடைப்பது. 2006 இல் கலிபோர்னியாவிற் கீசிலிங் குழுவினர், அதன் முன்பொருளை ஆக்கும் நொதியத் தொடரையே மதுவத்துள் அமைத்தனர். 2013 இல் இத்தாலியில் ஓர் ஆலை அதனைப் பேரளவில் ஆக்கத் தொடங்கியது. ஆயின் வயலில் விளைந்த பொருளின் விலை வீழ்ந்தமையால் ஆலை போட்டியிட இயலாது சில ஆண்டுகளிற் கைமாறியது. வயல் வென்றது, ஆனால் விலை வீழ்ந்து வென்றமையால் உழவன் பெருமகிழ்ச்சி அடைந்தான் என்று சொல்லவும் இயலாது.

எம் கருத்து இது: ஒற்றைப் பொருளாகப் பிரித்து விற்கப்படுவது எதுவோ அதற்கே கலத்தால் ஆபத்து. கோப்பையில் வார்த்த ஊவாத் தேனீர் ஒற்றைப் பொருளன்று. மெதயில் சலிசிலேற்றை இரசாயன ஆலைகள் நெடுங்காலமாக மலிவாகச் செய்கின்றன. அதனால் எவரும் தைலப்போத்தலிலிருந்து தேனீர் ஊற்றிக் குடிக்கவில்லை. வறட்சியும் காற்றும் வாட்டலும் உருட்டலும் பல நொதியங்களும் கூடி ஆக்கும் அச்சுவையைக் கலத்தில் முழுமையாகப் படைத்தாரும் இலர். மலிவான தூளாக, பெயரற்ற கலவையாக விற்கப்படும் தேயிலைக்கோ அவ்வரண் இல்லை.

இத்தொழிலுக்கு வேண்டிய பொருள் நம் மாகாணத்தில் இல்லையோ எனின், உண்டு. நுண்ணங்கிக்கு முதலில் வேண்டுவது மலிவான வெல்லம். மொனராகலை மாவட்டத்திலே பெல்வத்தை, செவனகல ஆகிய இரு சீனி ஆலைகளும் 1980களில் எழுந்தன. சீனி பிரித்தபின் எஞ்சும் கரும்பாகை அங்கு மதுவம் மதுசாரமாக்குகின்றது. அவ்வகைப் பாகையே கரும்பூஞ்சணம் ஒன்றுக்கு ஊட்டிச் சித்திரிக்கமிலம் பெறும் ஆலைகள் பிற நாடுகளில் உள. அறிவிடங்களும் அண்மையிலுள்ளன. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இயங்குகின்றது. 2005 இல் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்திற் பட்டப்படிப்பு நடத்தியுளது. பதுளையிலிருந்து பசறை வழியே மொனராகலைக்குச் செல்லும் சாலையின் ஒரு முனையில் நொதியம் செறிந்த இலையும், மறுமுனைக்கு அப்பால் நுண்ணங்கிக்கு ஏற்ற உணவும் கிடக்கின்றன. உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் நம் மாணவர் விடுமுறையில் அவ்வழி செல்வராயின், அனுமதி பெற்று ஒரு தேயிலைத் தொழிற்சாலையையும் ஒரு சீனி ஆலையையும் உள்ளே சென்று பார்த்துவருக; இரண்டிலும் நொதித்தல் என்று எதனைச் சொல்கின்றனர் என்று கேட்டு எழுதிவருக.