மழலையர்க்குக் கணினி வேண்டுமா? – ஓர் ஆய்வு

முன்னுரை

குழந்தைக் கல்வி பற்றிய பேச்சு எழும் இடமெல்லாம் இன்று கணினியும் இணையமும் உடன் எழுகின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மழலையர் பள்ளியை நாடிச் செல்லும் பெற்றோர், “கணினி வகுப்பு உண்டா?” என்று வினவுவதை நாம் கேட்டிருக்கிறோம். இல்லங்களிலோ, பள்ளி வாயிலையே மிதியாத குழந்தை கைப்பேசித் திரையை விரலால் தள்ளிப் படம் பார்க்கிறது. தனக்குச் சோறு ஊட்டும் கை யாருடையது என்று அது திரும்பிப் பார்ப்பதும் இல்லை. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குக் கணினியும் இணையமும் தேவைதாமா என்பதை மொழி வளர்ச்சியின் அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கைப்பேசியும் ஒரு சிறு கணினியே ஆதலின் அதனையும் சேர்த்தே ஈண்டுக் கருதுகிறோம்.

பெற்றோரின் அச்சம்

பெற்றோரின் இவ்விருப்பத்தை ஏளனம் செய்து ஒதுக்குதல் தகாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. கள்ளக்குறிச்சி பிரியாதிருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவோ ஏறத்தாழ 72 விழுக்காடு. பின்தங்கிய மாவட்டம் என்னும் சொல்லைக் கேட்டே வளர்ந்த பெற்றோர், தம் பிள்ளையாவது சென்னைப் பிள்ளைக்குப் பின்னால் நிற்கலாகாது என எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் போற்றத்தக்கது. அதற்கு அவர்கள் தேர்ந்த வழி சரியானதா என்பதே வினா.

கணினியைக் குழந்தையிடம் விட்டுவிட்டால் அது தானே கற்கும் என்போர் தில்லியில் நடந்த ஒரு சோதனையைச் சான்று காட்டுவர். 1999ஆம் ஆண்டு கால்காஜி என்னும் பகுதியில், குடிசைகளை அடுத்திருந்த சுவர் ஒன்றில் சுகதா மித்ரா ஒரு கணினியைப் பதித்து வைத்தார். கற்பிப்பார் எவருமின்றியே சிறுவர் அதனை இயக்கக் கற்றனர். இதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அங்குக் கூடியோர் பெரும்பாலும் பள்ளி வயதுச் சிறுவரே, மழலையர் அல்லர். ஒருவர் இயக்கப் பலர் சூழ நின்று, சொல்லியும் மறுத்தும் கற்றனர். அச்சோதனை நமக்கு உணர்த்தும் மற்றோர் உண்மையும் உண்டு. எட்டு வயதுச் சிறுவன் ஆசிரியர் இன்றியே சில நாளில் பழகிக்கொள்ளும் ஒன்றை மூன்று வயதிலேயே தொடங்கி வைக்க வேண்டிய அவசரம் யாது?

பிள்ளைத்தமிழ் காட்டும் வளர்ச்சி நெறி

குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகக் கண்டு இலக்கியமாக்கியது நம் மொழி. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்கள் பத்து. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் இவ்வகையில் நூல்கள் பல இயற்றியுள்ளனர். இப்பருவங்களை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தாலாட்டுக் கேட்கும் பருவம் முதல், கைகொட்டும் சப்பாணி, முத்தம் வேண்டல், ‘வா’ என அழைக்கும் வருகை ஈறாக, குழந்தையின் எதிரே ஒருவர் இருக்கிறார். அவர் அழைக்கிறார், குழந்தை மறுமொழி தருகிறது. குழந்தை குரல் எழுப்ப, அவர் மறுமொழி தருகிறார்.

அம்புலிப் பருவம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. நிலவைக் காட்டும் விரல் தாயுடையது. அதனைத் தொடரும் கண் குழந்தையுடையது. இருவரும் ஒன்றையே நோக்கும் அந்நேரத்தில்தான் ‘நிலா’ என்னும் சொல் பொருளோடு குழந்தையின் உள்ளத்தில் பதிகிறது. திரையில் தோன்றும் நிலா இதனினும் அழகாக இருக்கலாம். ஆனால் குழந்தை எங்கே நோக்குகிறது என்பதை அறிந்து பேச, தாயைப்போல் அத்திரைக்கு இயலாது.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் அலிமா முலையூட்டுப் படலம் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மழலைப் பருவத்தில் மக்கா நகரை விட்டுப் பாலைவெளியில் வாழ்ந்த பனூ சஅது குலத்துச் செவிலித் தாயாரிடம் வளர்ந்த வரலாற்றை நாம் அறிவோம். தூய காற்றும் தூய அரபு மொழியும் குழந்தைக்குக் கிட்டவேண்டும் என்பதே அக்கால அரபியர் வழக்கத்தின் கருத்து. மொழி மனிதர் வாயிலிருந்தே குழந்தைக்கு வரவேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இக்கால ஆய்வுகள்

முன்னோர் உணர்ந்ததை இக்கால ஆய்வுகளும் உறுதி செய்கின்றன. அமெரிக்காவில் பேட்ரிசியா குல் என்னும் அறிஞரும் குழுவினரும் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஆங்கிலம் பேசும் குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது திங்கள் குழந்தைகளுடன் சீன மொழியினர் நேரில் அமர்ந்து, 12 அமர்வுகளில் விளையாடியும் படித்துக் காட்டியும் பேசினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தி உணரும் திறன் பெற்றன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளும், ஒலிப்பதிவில் கேட்ட குழந்தைகளும் அத்திறனைப் பெறவில்லை.

2014ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு இக்கருத்தை மேலும் தெளிவாக்குகிறது. 24 முதல் 30 திங்கள் வரையான குழந்தைகள் புதிய வினைச்சொற்களை நேர்ப் பேச்சிலும் கற்றன. மறுமுனையில் இருப்பவர் குழந்தையைப் பார்த்துப் பதில் பேசும் காணொளி அழைப்பிலும் கற்றன. முன்பே பதிவு செய்த காணொளியிலோ கற்கவில்லை. ஆகவே குறை கண்ணாடித் திரையில் இல்லை. மறுமொழி இன்மையிலேயே உள்ளது. வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தை வெள்ளிக்கிழமை தோறும் காணொளியில் தோன்றித் தம் மகளின் மழலைக்குச் செவிசாய்த்துப் பதில் சொல்கிறார் எனில், அது வளர்ப்பே. அழைப்பு முடிந்தபின் அதே கைப்பேசி பொம்மைப் படத்தோடு குழந்தையின் கையில் விடப்படுமாயின், அது வளர்ப்பு ஆகாது.

கால அளவு குறித்த நெறிகள்

உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை, இரண்டு வயதுக்கு உட்பட்டோர்க்குத் திரை வேண்டா என்கிறது. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, குறையக் குறைய நன்று என்றும் கூறுகிறது. அப்பருவத்தினர் நாள்தோறும் மூன்று மணி நேரமேனும் ஓடியாட வேண்டும் என்பதும் அந்நெறிமுறையே. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகமும் இதனை ஒட்டிய அளவையே பரிந்துரைத்துள்ளது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் நடுவண் அரசு வெளியிட்ட ‘பிரக்யாதா’ நெறிமுறையும் மழலை வகுப்புக்கு 30 நிமிடமே ஒதுக்கியது. அதுவும் பெற்றோரோடு உரையாடி அவர்களுக்கு வழிகாட்டுவதற்கே.

நம் மாவட்டம் கண்ட பாடம்

அப்பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசி வழியும் கல்வித் தொலைக்காட்சி வழியும் நடைபெற்றன. அந்நாளில் அவை செய்த உதவியை மறத்தல் நன்றியன்று. ஆயினும் கற்றல் இழப்பை ஈடுசெய்ய அரசு தேர்ந்த வழி யாது? திண்டிவனத்திற்குக் கிழக்கே, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27ஆம் நாள் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. மாலை நேரத்தில் தெருவிலும் திண்ணையிலும் தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளோடு அமர்ந்து கற்பிப்பதே அத்திட்டம். தொடங்கப்பட்டபோது அது 1 முதல் 8ஆம் வகுப்பு வரையான மாணவர்க்கு உரியதாக இருந்தது, மழலையர்க்கு அன்று. எனினும் எண்ணிப் பார்ப்போம். எழுத்தறிந்த பிள்ளைக்கே திரை போதாமல் ஓர் அக்காவும் ஓர் அண்ணனும் தேவைப்பட்டனர் என்றால், எழுத்தறியா மழலைக்குத் திரை மட்டும் எங்ஙனம் போதும்?

வாயும் கையும் கற்கும் கல்வி

தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்தொலிகள் பிறக்கும் இடங்களை வகுத்துரைக்கிறது. திருமறை ஓதுதலில் ‘மக்ரஜ்’ என்பதும் அதுவே. ஓதும் பள்ளியில் உஸ்தாத் ஒலித்துக் காட்டுவார், பிள்ளை ஒலிக்கும், பிழை நேரின் அவர் திருத்துவார். ழகரம் நாவில் படிவதும் இவ்வாறே. மேலும், நான்கு ஆண்டும் நான்கு திங்களும் நான்கு நாளும் நிறைந்த பின்னரே ‘பிஸ்மில்லாஹ்’ ஓதி எழுத்தறிவிக்கும் வழக்கம் இந்திய முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அதற்கு முன் குழந்தைக்குப் பேச்சும் விளையாட்டுமே பாடம் என்பது இவ்வழக்கின் உட்கருத்து எனலாம்.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும் எழுத்தின் வடிவைக் குழந்தை விரலால் தடவி உணரவேண்டும் என்றார். திந்திரிணி வனமே, அதாவது புளியங்காடே, திண்டிவனம் ஆயிற்று என்பர். அப்புளியங்கொட்டை பத்தினைக் கையில் கொடுத்து ‘ஒற்றையா, இரட்டையா’ ஆடும் குழந்தைக்கு எண் என்பது கையில் கனக்கும் பொருளாகிறது.

செய்யத்தக்கன

முதலாவதாக, மழலையர் பள்ளி நடத்தும் ஜமாஅத்தாரும் அறக்கட்டளையினரும் கணினி அறைக்கு ஒதுக்கும் தொகையை, பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவரின் ஊதியத்திற்கும் மணற்பரப்புக்கும் கதை நூல்களுக்கும் ஒதுக்கலாம். கணினியை ஆசிரியர் தம் ஆயத்தத்திற்குப் பயன்படுத்தட்டும். இரண்டாவதாக, இல்லத்தில் உணவு வேளையிலும் உறங்கும் வேளையிலும் கைப்பேசியை அகற்றுதல் வேண்டும். தனித்து வேலை பார்க்கும் தாய் ஒரு கால்மணி நேரம் அதனைக் கொடுத்துவிட்டால் அதனைக் குற்றமாக்க வேண்டா. பின்னர் அருகமர்ந்து, பார்த்ததைப் பற்றிக் குழந்தையோடு பேசினால் போதும். தாய்க்கு அவ்வோய்வைத் தருவது வீட்டிலுள்ள மற்றையோரின் கடனுமாகும். மூன்றாவதாக, நம் துறை மாணவர்கள் விடுமுறைக்குத் தத்தம் ஊர் செல்லுங்கால், பாட்டிமார் நாவில் எஞ்சியுள்ள தாலாட்டுகளையும் விளையாட்டுப் பாடல்களையும் தொகுத்து வருதல் வேண்டும். அவற்றைக் கணினியில் ஏற்றி ஆசிரியைகளிடம் அளித்தால் இணையமும் பயன்படும். பாடுவோர் வாயும் பயன்படும்.

முடிவுரை

கணினி பகைப்பொருள் அன்று. உரிய வயதில் நம் பிள்ளைகள் அதனை நன்கு கற்றே ஆகவேண்டும். அதில் நம் மாவட்டம் எவர்க்கும் பிந்தலாகாது. ஆனால் அதனைக் கற்கத் துணைநிற்பது மொழி. அம்மொழிக்கு வேர், முதல் ஐந்தாண்டில் குழந்தைக்குக் கிடைக்கும் மறுமொழி. பின்தங்கிவிடுவோம் என்னும் அச்சத்தால் அம்மறுமொழியைக் குறைத்துத் திரையைக் கூட்டுவோமாயின், எதற்கு அஞ்சினோமோ அதனை நாமே வரவழைத்தவர் ஆவோம். குழந்தை பேசுகிறது, கேட்டுப் பதில் சொல்வோம்.