துருவும் வண்ணமும்

மனிதன் கண்ட உலோகங்களுள் இரும்பைப்போல் அவனுக்குத் துணைநின்றது வேறொன்றில்லை. ஏர்க்கொழுவும் அரிவாளும், பாலமும் புகைவண்டியும், தையல் ஊசியும் மோட்டார் காரும் இரும்பினாலும் எஃகினாலும் ஆயவை. இத்தகைய வலிய இரும்பிற்கும் ஒரு பகை உண்டு. அதுவே துரு. சம்மட்டிக்கு அஞ்சாத இரும்பையும் துரு சிறுகச் சிறுகத் தின்று பொடியாக்கிவிடும். அதனின்றும் காக்கவே இரும்பின்மீது வண்ணம் பூசுகின்றனர். வண்ணம் கண்ணுக்கு அழகு. இரும்புக்கோ அது கவசம். இதனை மறந்து அழகை மட்டும் நாடினால் பொருளும் உழைப்பும் வீணாகும். பழைய காரின் மேனியைக் குறைந்த செலவில் புதுப்பிக்கும் வேலை இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

சென்னை மாநகரின் தென்பகுதியில், அடையாற்றின் கரையில் அமைந்தது கோட்டூர்புரம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடல் உள்ளது. கோடைக்காலப் பகற்பொழுதில் வீசும் கடற்காற்று மக்களுக்கு இன்பம் தருவது. ஆனால், அது ஈரத்தையும் நுண்ணிய உப்பையும் சுமந்து வருவதால் இரும்பிற்குத் துன்பம் தருவது. இதனோடு ஆற்றின் சீற்றமும் சேர்வதுண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்திற்குள் புகுந்தபோது, தெருவிலும் வீட்டு முற்றத்திலும் நின்ற கார்கள் பல நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்த பின்னரும், கதவுகளின் உட்புறத்திலும் தகடுகளின் மடிப்புகளிலும் தங்கிய சேறு ஈரத்தை நெடுநாள் விடாமல் வைத்திருக்கும். வெளியே துடைத்துப் பளபளப்பாக்கப்பட்ட கார், உள்ளே துருவேறிக்கொண்டிருப்பது இதனாலேயே ஆகும்.

சென்னை நகரம் கார்களை ஓட்டியதோடு நில்லாமல், அவற்றை உருவாக்கியும் வந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம், இங்கிலாந்திலுள்ள கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கூட்டுறவோடு சென்னையில் கார்களை உற்பத்தி செய்தது. அந்நிறுவனம் 1961ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஹெரால்டு என்னும் சிறிய கார், அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றது. அதன் வடிவத்தை அமைத்தவர் இத்தாலி நாட்டைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலோட்டி. பல கார்களில் மேனியும் சட்டமும் பிரிக்கவியலாதவாறு ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஹெரால்டிலோ அடிச்சட்டம் தனி. அதன்மீது மேனியின் பகுதிகள் மரையாணிகளால் பூட்டப்பட்டிருக்கும். எந்திரத்தை மூடும் பானெட்டும் இருபுற மட்கார்டுகளும் ஒரே கூறாக முன்னோக்கித் திறக்கும். ஆகவே, பழுதுற்ற பகுதியைக் கழற்றி உட்புறத்தையும் தூய்மை செய்வது இக்காரில் எளிது. கார் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் கழிந்தும், ஹெரால்டு கார்களைப் போற்றிக் காப்பவர் இன்றும் உளர்.

கோட்டூர்புரத்து வீடொன்றின் முற்றத்தில் அத்தகைய ஹெரால்டு ஒன்று நிற்பதாகக் கொள்க. அதன் கூரையின் நிறம் வெயிலில் வெளுத்துவிட்டது. கதவின் அடியில் கொப்புளங்கள் தோன்றியுள்ளன. மட்கார்டின் ஓரம் செந்நிறமாய் உதிர்கின்றது. உரியவரிடம் மிகுந்த பணம் இல்லை. அவர்முன் இரண்டு வழிகள் உள்ளன. துருவின்மீது பட்டியை அப்பி, அதன்மேல் புதுவண்ணம் அடித்து, ஒரு வாரத்திற்குள் காரை மணப்பெண்போல் நிறுத்துவது ஒரு வழி. துருவை அடியோடு நீக்கி, இரும்பு வெளிப்பட்ட பின்னரே பூசத் தொடங்குவது மற்றொரு வழி. முதல் வழி மலிவானது போலத் தோன்றும். ஆனால், ஓரிரு மழைக்காலம் கழிவதற்குள் அதே இடத்தில் கொப்புளம் மீண்டும் எழும். அப்போது துரு முன்னிலும் ஆழமாகப் பரவியிருக்கும். பின்னர்ப் பட்டியையும் வண்ணத்தையும் சுரண்டி எறிந்துவிட்டு, தகட்டையே வெட்டி மாற்ற நேரும். முன்செய்த செலவு முழுவதும் வீணாகும்.

பூச்சின் அடியில் துரு வளர்வது எவ்வாறு? இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையாயினும் துரு தோன்றாது. நீரில் உப்புக் கலந்திருப்பின் மின்னோட்டம் எளிதில் நிகழ்வதால் துரு விரைந்து பரவும். அலுமினியத்தின்மீது உண்டாகும் ஆக்சைடு, மெல்லிய போர்வைபோல் படிந்து அடியிலுள்ள உலோகத்தைக் காக்கின்றது. இரும்பின் துருவோ அத்தகையதன்று. அது நுண்துளைகள் உடையது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வது. மேலும், அது அழித்த இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலின், மேலேயுள்ள பூச்சைக் கீழிருந்து தள்ளி உடைக்கும். உடைந்த வாயில் வழியே புதிய நீர் புகும். துருவை மூடுதல் பகைவனைக் கோட்டைக்குள் வைத்துக் கதவடைத்தலை ஒக்கும்.

இது ஒரு காருக்கு மட்டும் நேரும் தொல்லையன்று. 1914ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பாம்பன் இரயில் பாலம், கடலின் நடுவே உப்புக் காற்றில் நின்றது. இடைவிடாது பேணப்பட்டமையால் அது நூறாண்டுகளுக்கு மேல் பயன்பட்டது. எனினும், அதன் தூக்குப் பகுதியில் அரிப்பு மிகுந்ததனால் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகே கட்டப்பட்டு 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பெற்ற புதிய பாலத்திற்கு, அரிப்பைத் தடுக்கும் தனிவகைப் பூச்சு அளிக்கப்பட்டுள்ளது. உலோக அரிப்பை ஆராய்வதற்கெனத் தமிழகத்திலேயே ஒரு பெரிய நிலையமும் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று 1953ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. பெரும்பாலத்திற்கும் சிறுகாருக்கும் அறிவியல் கூறும் நெறி ஒன்றே: முதலில் தூய்மை, அடுத்துக் காப்பு, இறுதியில் அழகு.

குறைந்த செலவில் காரைப் புதுப்பிக்க விரும்புவோர் முதலில் செய்ய வேண்டுவது கழுவுதலும் ஆராய்தலும் ஆகும். கதவுகளின் அடியில் நீர் வடிவதற்கென அமைந்த சிறு துளைகளை இலையும் சேறும் அடைத்திருக்கும். அவற்றைத் திறந்துவிட்டாலே துருவின் காரணங்களுள் ஒன்று நீங்கும். பின்னர், மெல்லிய துணியால் சுற்றிய காந்தத்தை மேனியின்மீது மெல்ல நகர்த்திப் பார்க்கலாம். தகடு உள்ள இடத்தில் காந்தம் பற்றும். முன்பு எவரோ பட்டியைத் தடித்து அப்பிய இடத்தில் பற்றாது. பழைய காரை விலைக்கு வாங்குவோரும் இம்முறையால் ஏமாற்றத்தினின்று தப்பலாம்.

வெளுத்த இடமெல்லாம் புதுவண்ணத்தை வேண்டுவதில்லை. வெயிலின் புறஊதாக் கதிர்கள் பூச்சின் மேற்பரப்பை மட்டும் சுண்ணாம்புபோல் மங்கச் செய்திருக்கலாம். ஈரத்துணியில் சிறிது தேய்ப்புப் பசையை இட்டு ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்தால், மங்கிய படலம் நீங்கி அடியிலுள்ள நிறம் தெளிவுறும். அவ்வாறு தெளிவுற்றால், மேனி முழுவதையும் தேய்த்து மெழுகு பூசினாலே போதும், பெருஞ்செலவு மிஞ்சும். ஆயின், பூச்சு மிக மெல்லியது. அதன் மொத்தக் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவினதே. ஆகவே, அளவின்றித் தேய்த்தல் ஆகாது. குரோமிய முலாம் பூசிய பம்பரில் படிந்த சிறு துருவை, கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தே போக்கலாம். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

கொப்புளம் எழுந்த இடத்தில் இரக்கம் காட்டுதல் கூடாது. அவ்விடத்தைச் சுரண்டியாலும் கம்பித் தூரிகையாலும் சுத்தம் செய்து, பளிச்சென்ற உலோகம் தோன்றும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். குழிகளில் எஞ்சிய துருவை மாற்ற, பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்து பயன்படும். தகட்டில் ஓட்டை விழுந்திருப்பின், வெட்டிப் புதுத்தகடு பற்றவைத்தலே முறை. அவ்வேலையைக் கற்ற தொழிலாளியிடம் விடுதல் நன்று. அடிச்சட்டத்தில் துரு ஏறியிருந்தால் அதற்கே முதலிடம் தருதல் வேண்டும். மேனியின் துரு கண்ணை உறுத்தும், சட்டத்தின் துரு உயிரை வாங்கும். கழற்றிய பகுதிக்கு மாற்றுத் தேவைப்படின், பழைய வண்டி உறுப்புகளுக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற புதுப்பேட்டையில் தேடிப் பார்ப்பது சென்னை மக்களின் வழக்கம்.

இரும்பு வெளிப்பட்டபின் காலம் தாழ்த்தலாகாது. சென்னையின் ஈரக்காற்றில், தூய்மை செய்த தகட்டின்மீது ஒரே இரவில் மெல்லிய துரு படியக்கூடும். ஆதலால், அன்றைக்கே முதற்பூச்சு இட வேண்டும். ஒடுங்கிய இடத்தை முதலில் சுத்தியால் தட்டி நிமிர்த்துவர். இதனை டிங்கர் வேலை என்பர். அதன்பின் எஞ்சும் சிறு பள்ளத்திற்கே பட்டி உரியது. நன்கு தட்டிய தகட்டிற்கு மெல்லிய பட்டி போதும். தட்டாமல் விட்ட சோம்பலை மறைக்கவே தடித்த பட்டி வேண்டியிருக்கும். நாளடைவில் அது வெடித்து அச்சோம்பலை வெளிப்படுத்திவிடும்.

பட்டி காய்ந்ததும், முதலில் முரட்டுத் தாளும் பின்னர் மென்மையான தாளும் கொண்டு சமன் செய்வர். தாளை வெறுங்கையால் பிடித்துத் தேய்த்தால் விரலின் அழுத்தம் பள்ளம் உண்டாக்கும். ஆதலின் மரக்கட்டையில் சுற்றித் தேய்ப்பர். பட்டி ஈரத்தை உறிஞ்சுமாதலால், நீரின்றியே அதனைத் தேய்த்து, உடனே அடிப்பூச்சு இடுவர். அடிப்பூச்சு காய்ந்தபின், அதன்மீது கருநிறப் பூச்சைப் புகைபோல் மெல்லத் தூவி, நீர் தெளித்து 400, 600 எண்ணுள்ள தாள்களால் தேய்ப்பர். மேடான இடத்தில் கருமை மறையும். பள்ளத்தில் கருமை நிற்கும். கண் காணாத குறையை இவ்வெளிய முறை காட்டிக் கொடுத்துவிடும்.

வண்ணம் அடித்தற்குக் காலமும் அறிதல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்கள் இதற்கு ஏலா. தின்னர் விரைந்து ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது நீராகப் படிந்து வண்ணத்தை வெளிறச் செய்யும். ஆகையால், மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களின் வறண்ட நாட்களே ஏற்றவை. ஒரே முறையில் தடிப்பாக அடித்தால் வண்ணம் வழியும். மெல்லியதாகப் பலமுறை அடித்தால் உறுதியாகப் பற்றும். காரின் பழைய நிறம் யாதென அறிய, வெயில் படாத டிக்கியின் உட்புறத்தைத் துடைத்துப் பார்க்கலாம். நிறத்தையே மாற்ற விரும்பினால், பதிவுச் சான்றிதழிலும் அம்மாற்றம் குறிக்கப்பட வேண்டும். இந்தியாவில் 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வாறு பதிவு பெறும் கார் தன் மூல வடிவில் பேணப்பட வேண்டும் என்பதும் அவ்விதிகளின் கருத்தாகும்.

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. சொந்த உழைப்பால் கூலியைக் குறைத்தலும், கெடாத பகுதியைக் கெடாமல் விடுதலும், ஒரு மாதத்திற்கு ஒரு கதவு என வேலையைப் பிரித்துக்கொள்ளுதலும் சிக்கனம். முதற்பூச்சைத் தவிர்த்தலும், முகக்கவசம் இன்றித் தேய்த்தலும் கருமித்தனம். பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருப்பதுண்டு. அதன் தூசியை உயிர்ப்பது நலத்திற்குக் கேடு. கடினமாக்கி கலந்து அடிக்கும் இக்கால வண்ணங்களின் ஆவியோ நுரையீரலுக்குத் தீங்கு. அவற்றைத் தக்க காப்புள்ள பட்டறையில் அடிப்பதே அறிவுடைமை. சுரண்டிய துகளையும் எஞ்சிய தின்னரையும் தெருக்கால்வாயில் கொட்டினால், அவை அடையாற்றைச் சென்று சேரும். தன் காரைத் தூய்மை செய்வோர் ஊர் ஆற்றை மாசுபடுத்துதல் முறையாகாது.

இவ்வாறு பொறுமையுடன் பணியாற்றினால், முற்றத்தில் ஒதுங்கிக் கிடந்த ஹெரால்டு மீண்டும் தெருவில் இறங்கும். அதனைக் காண்போர் புதுவண்ணத்தையே புகழ்வர். தேய்த்த தாள்களின் எண்ணிக்கையும், தட்டிய சுத்தியின் ஓசையும், முதற்பூச்சின் அருமையும் அவர்களுக்குத் தெரியமாட்டா. ஆயினும், அடுத்த கார்த்திகை மழையைத் தாங்கப்போவது அவர்கள் புகழும் பளபளப்பு அன்று. அவர்கள் கண்ணுக்குப் புலனாகாத அடிவேலையே ஆகும். மாந்தர் கல்விக்கும் ஒழுக்கத்திற்கும் இஃது ஒக்கும். குறையை மறைத்துப் பெறும் அழகு ஒரு பருவம் நிற்கும். குறையைக் களைந்து பெறும் அழகே நிலைத்து நிற்கும்.

பயிற்சி

1. இரும்பின் துருவுக்கும் அலுமினியத்தின்மீது படியும் ஆக்சைடுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பழைய காரை ஆராய்வதில் காந்தம் எவ்வாறு பயன்படுகிறது?
3. பாம்பன் பாலத்தின் வரலாறு இப்பாடத்தின் கருத்தை எவ்வாறு வலியுறுத்துகிறது?
4. மழைக்காலத்தில் வண்ணம் அடித்தல் ஏற்றதன்று, ஏன்?
5. "சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு" என்பதை உங்கள் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக்கொண்டு விளக்கி ஒரு பத்தி எழுதுக.