பிறர் எழுத்துப் பிழையைத் திருத்தலாமா? எப்படித் திருத்துவது?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. தமிழில் டைப் செய்யவும் ஓரளவு பழகிக் கொண்டீர்கள். அடுத்து என்ன? மற்றவர்கள் தமிழில் எழுதி அனுப்புவதைப் படிக்கத் தொடங்குவீர்கள். படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது பிழைதான். திருமணச் செய்தியில் "மணமகன்" என்பது "மனமகன்" ஆகியிருக்கும். துக்கச் செய்தியில் "ஆழ்ந்த இரங்கல்" என்பது "ஆழ்ந்த இரங்கள்" ஆகியிருக்கும். பள்ளியில் தமிழ் ஆசிரியரிடம் குட்டு வாங்கிப் படித்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும். உடனே திருத்தி ஒரு வரி போடத் தோன்றும்.

போடலாமா? சில இடங்களில் கட்டாயம் போட வேண்டும். சில இடங்களில் போடவே கூடாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்து கொள்வதும் கம்ப்யூட்டர் கற்றுக் கொள்வதில் ஒரு பகுதிதான். எல்லார் முன்னிலையிலும் ஒருமுறை திருத்தப்பட்டவர், அடுத்த முறை தமிழில் எழுதத் தயங்குவார். ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்து அனுப்புவார், அல்லது எழுதுவதையே விட்டுவிடுவார். ஒரு சொல்லைத் திருத்தப் போய் ஓர் எழுதுபவரை இழப்பது நமக்கு நஷ்டம் அல்லவா?

பிழை எப்படி வருகிறது?

திருவாரூர் மாவட்டத்தில் உள்ள நன்னிலத்தையே எடுத்துக் கொள்வோம். நல் + நிலம் என்பது நன்னிலம். நல் + நூல் என்பது நன்னூல் ஆகிறதே, அதே விதி. ஆனால் நெட்டில் இந்த ஊரை "நண்ணிலம்" என்றும் "நந்நிலம்" என்றும் எழுதிவிட வாய்ப்பு உண்டு. அப்படி எழுதியவருக்குத் தம் ஊர்ப் பெயர் தெரியாது என்று அர்த்தமா? இல்லை. கீபோர்டு செய்யும் வேலை இது.

ஆங்கிலத்தில் இந்தப் பெயரில் வருவது ஒரே "என்" எழுத்து. தமிழில் ந, ன, ண என்று மூன்று இருக்கின்றன. அஞ்சல் போன்ற ஒலிப்பு முறைக் கீபோர்டில் "என்" கீயைச் சும்மா அழுத்தினால் "ன்" வரும். ஷிப்ட் கீயுடன் சேர்த்து அழுத்தினால் "ண்" வரும். "எல்" கீயில் ல், ஷிப்ட்டுடன் அழுத்தினால் ள். "ஆர்" கீயில் ர், ஷிப்ட்டுடன் அழுத்தினால் ற். ஷிப்ட் கீயில் விரல் சரியாக அழுந்தாவிட்டால் "மணம்" என்பது "மனம்" ஆகிவிடும். "பள்ளி" என்பது "பல்லி" ஆகிவிடும்.

தமிழ்நாடு அரசு 1999-ல் அறிவித்த தமிழ் 99 கீபோர்டில் இந்தச் சிக்கல் குறைவு. அதில் "ன" எழுத்து "ஐ" கீயிலும், "ண" எழுத்து "பி" கீயிலும் தனித்தனியாக உள்ளன. ஆனால் "ல" எழுத்தும் "ர" எழுத்தும் பக்கத்துப் பக்கத்துக் கீகளில் இருப்பதால் விரல் நழுவினால் வேறு விதப் பிழை வரும்.

மொபைல் போனில் இன்னும் வசதி, இன்னும் ஆபத்து. நீங்கள் பாதி அடிக்கும்போதே போன் நான்கு சொற்களைக் காட்டும். அவசரத்தில் பக்கத்துச் சொல்லைத் தொட்டுவிடுவோம். வாயால் பேசி டைப் செய்தால், போனுக்குக் காதில் விழுந்ததுதான் எழுத்து.

ஆகவே பிழையைப் பார்த்தவுடன் "இவருக்குத் தமிழ் தெரியவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பல நேரங்களில் தெரியாதது தமிழ் அல்ல, கீபோர்டுதான்.

பிழை போலத் தெரியும், பிழை அல்ல

திருத்தும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது உண்மையிலேயே பிழைதானா?

1. ஊர்ப் பெயர்கள். நன்னிலத்துக்கு அருகில் உள்ள ஊரை ஸ்ரீவாஞ்சியம் என்றும் எழுதுவார்கள், திருவாஞ்சியம் என்றும் எழுதுவார்கள். குடவாசல் என்று இன்று எழுதும் ஊர், குடவாயிற் கீரத்தனார் என்ற சங்கப் புலவரின் பெயரில் குடவாயிலாக இருக்கிறது. மயிலாடுதுறையை இன்றும் மாயவரம் என்று எழுதுபவர்கள் உண்டு. இவற்றில் திருத்த ஒன்றும் இல்லை.

2. கொள்கை. "ஐயா" என்பதை "அய்யா" என்று எழுதுபவர் அதைத் தெரிந்தேதான் எழுதியிருப்பார். பெரியார் 1935-ல் தம் "குடி அரசு" இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். அதில் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 1978-ல் ஏற்றுக் கொண்டது. "அய்" என்று எழுதுவது அரசு ஏற்றதில் சேரவில்லை என்றாலும், அவர் வழி வந்தவர்களிடம் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது.

3. நாடு. இலங்கைத் தமிழர் பலர் "கணணி" என்றும், "பிரித்தானியா" என்றும், "ரொறன்ரோ" என்றும் எழுதுவார்கள். நாம் கணினி, பிரிட்டன், டொராண்டோ என்கிறோம். அவர்கள் எழுத்தைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வந்தால், நம் எழுத்தைப் பார்த்து அவர்களுக்கும் வரும்.

4. பேச்சு நடை. "வயல்ல தண்ணி நிக்குது" என்று ஒருவர் அனுப்பினால் அது பேச்சு. அதை "வயலில் தண்ணீர் நிற்கிறது" என்று மாற்றிக் காட்டுவது தேவையில்லாத வேலை.

5. வாதத்தில் உள்ள சொற்கள். "வாழ்த்துகள்" சரியா, "வாழ்த்துக்கள்" சரியா? இலக்கணம் சொல்பவர்கள் பெரும்பாலும் "வாழ்த்துகள்" என்பார்கள். மற்றதும் வழக்கில் வேரூன்றிவிட்டது. கல்யாண வீட்டுச் செய்திக்குக் கீழே இந்த வாதத்தை நடத்தினால் மணமக்களுக்கு வாழ்த்தும் போய்ச் சேராது.

சந்தேகம் வந்தால் முதலில் அகராதியைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் நெட்டில் தேடிப் பார்க்கும் வசதியுடன் கிடைக்கிறது. எழுத்துப் பிழை பார்க்க "வாணி", சந்திப் பிழை பார்க்க "நாவி" என்ற இரண்டு கருவிகளை நீச்சல்காரன் உருவாக்கியிருக்கிறார். இவையும் நெட்டில் உள்ளன.

உடனே திருத்த வேண்டியவை

பிழையால் படிப்பவருக்கு நஷ்டம் வருமானால் தயங்கக் கூடாது. விவசாயிகள் குரூப்பில் ஒருவர் "குருவை" என்று எழுதுகிறார். சரியானது குறுவை. குறுகிய காலப் பயிர் என்று நினைவு வைத்துக் கொண்டால் "று" மறக்காது. ஆனால் "குருவை" என்று எழுதினாலும் டெல்டாவில் யாருக்கும் புரியாமல் போகாது. அதை விட்டுவிடலாம்.

அதே செய்தியில் ஏ.டி.டி. 43 நெல் ரகம் என்பது 34 என்று வந்திருந்தால்? மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 என்பது ஜூலை 12 என்று வந்திருந்தால்? இதை எல்லாரும் பார்க்கும்படி உடனே திருத்த வேண்டும். தேதி, தொகை, போன் நம்பர், மருந்தின் பெயர், அளவு, ஆள் பெயர் எல்லாம் இந்த வகை. இதில் கூச்சம் பார்த்தால் யாராவது ஏமாந்து போவார்கள்.

மறுபக்கம், துக்கச் செய்தியில் "இரங்கள்" என்று வந்தால் வாயை மூடிக் கொள்ளுங்கள். துக்க வீட்டுக்கு வந்தவரின் சட்டைப் பொத்தான் மாறியிருப்பதை நாம் அங்கே சொல்வோமா?

தனியாகச் சொல்வது எப்படி?

நஷ்டம் இல்லை, ஆனால் சொன்னால் அவருக்கு நல்லது என்று தோன்றினால் தனியாகச் சொல்லுங்கள். இது புதிய யோசனை அல்ல. 1980-ல் தொடங்கிய யூஸ்நெட் என்ற பழைய விவாத வலைக்காக சக் வான் ராஸ்பாக் என்பவர் ஒரு நடத்தை வழிகாட்டி எழுதினார். பிறர் ஸ்பெல்லிங்கைத் திருத்துவதால் வரும் சண்டைகளுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. எழுதுபவர்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி, சிலருக்கு எழுத்துகள் தடுமாறும் குறைபாடு உண்டு, ஆகவே சொல்லியே ஆக வேண்டும் என்றால் அவருக்கு மட்டும் மெயிலில் சொல்லுங்கள் என்பது அவர் கருத்து.

வாட்ஸ்அப் குரூப்பில் இதற்கு வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்திருந்தால், அந்தச் செய்தியின் மேல் மவுஸைக் கொண்டு செல்லவும். ஓரத்தில் சிறிய அம்புக்குறி தெரியும். அதில் கிளிக் செய்தால் வரும் மெனுவில் தனியாகப் பதில் அனுப்பும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்கவும். உங்கள் பதில் அவருக்கு மட்டும் போகும். இமெயிலில் என்றால் எல்லாருக்கும் பதில் அனுப்பும் பட்டனைத் தவிர்த்து, "ரிப்ளை" பட்டனை மட்டும் அழுத்தவும்.

சீக்கிரம் சொல்வதில் ஒரு லாபம் உண்டு. அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தும் வசதி 2023-ல் வாட்ஸ்அப்பில் வந்தது. அதற்குள் சொன்னால் அவரே மாற்றிக் கொள்வார். பெரும்பாலோர் கவனிக்கக்கூட மாட்டார்கள். நாள் கழித்துச் சொன்னால் அவரால் செய்ய முடிவது ஒன்றும் இல்லை, மனக்கஷ்டம்தான் மிச்சம்.

எப்படிச் சொல்வது? "இது தப்பு" என்று தொடங்காதீர்கள். "அண்ணே, மணமகன் என்பதில் மூணு சுழி ண விட்டுப் போயிருக்கு, ஷிப்ட் அழுந்தலை போல" என்று சொல்லிப் பாருங்கள். காரணம் கீபோர்டின் மேல் போய்விடுகிறது. சரியான சொல்லும் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. ஒரு செய்தியில் பத்துப் பிழை இருந்தால் பத்தையும் அடுக்காதீர்கள். பொருளை மாற்றும் ஒன்றைச் சொன்னால் போதும்.

தாராளமாகத் திருத்த ஓர் இடம்

திருத்தும் ஆசை அடங்கவில்லையா? அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. அங்கே யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம்.

1. கணக்கு ஒன்று தொடங்கி உள்ளே செல்லவும்.
2. உங்கள் ஊர்ப் பக்கத்தைத் தேடி எடுக்கவும். பிழை இருந்தால் "தொகு" என்பதில் கிளிக் செய்யவும்.
3. பிழையான எழுத்தை மட்டும் மாற்றவும். கையோடு வாக்கியங்களையும் உங்கள் நடைக்கு மாற்றிவிட வேண்டாம்.
4. கீழே உள்ள சுருக்கம் கட்டத்தில் "எழுத்துப்பிழை திருத்தம்" என்று டைப் செய்யவும். சிறு தொகுப்பு என்ற பெட்டியில் டிக் செய்து சேமிக்கவும்.

செய்த மாற்றம் அனைத்தும் அந்தப் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகும். தவறாகத் திருத்திவிட்டால் பழையதைத் திரும்பக் கொண்டு வரலாம். இலங்கை வழக்கா, பிழையா என்று சந்தேகம் வந்தால் மாற்றாமல் "உரையாடல்" பக்கத்தில் கேளுங்கள். இங்கே யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறத் தேவையே இல்லை. எழுத்து திருந்தும், ஆள் புண்பட மாட்டார்.

திருத்துபவருக்கும் ஓர் எச்சரிக்கை

ஜான் பாங்ஸண்ட் என்ற ஆஸ்திரேலிய எடிட்டர் 1992-ல் வேடிக்கையாக ஒரு விதி எழுதினார். பிறர் எழுத்தைக் குறை சொல்லி நீங்கள் எழுதினால், அதிலேயே ஒரு பிழை இருக்கும் என்பது அந்த விதி. கெடக் கூடியது கெட்டே தீரும் என்ற மர்ஃபி விதி தெரியுமல்லவா? அந்தப் பெயரையே எழுத்து மாற்றி "மஃப்ரி விதி" என்று வைத்தார். ஆகவே அனுப்பும் முன் உங்கள் வரியை ஒருமுறை படித்து விடுங்கள்.

உங்களை யாராவது திருத்தினால்? "நன்றி, மாற்றிவிட்டேன்" என்று இரண்டு சொல் போதும். காரணம் சொல்லி நீட்ட வேண்டாம்.

பயிற்சி

இந்த வாரம் உங்களுக்கு வரும் செய்திகளில் ஐந்து பிழைகளைக் குறித்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். இது பிழையா, வழக்கா? இதனால் யாருக்காவது நஷ்டம் உண்டா? சொல்வதென்றால் எல்லாருக்குமா, அவருக்கு மட்டுமா? ஐந்தில் எத்தனையை நீங்கள் உண்மையிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதை மட்டும் சொல்லுங்கள்.