தம்பி, கேஸ் ஷீட்டில் என்ன எழுதப் போகிறாய்?



அமெரிக்காவில் ரெசிடென்சி கிடைத்துவிட்டது, முதல் வருஷத்திலேயே முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் போஸ்டிங் போட்டுவிட்டார்கள் என்று உன் அப்பா போனில் சொன்னார். ரொம்ப சந்தோஷம். "எல்லாம் வயசானவங்கதான், சுகர், பிரஷர், நெஞ்சுவலி, இதுதான் வரும், ஈசியான போஸ்டிங்" என்று உன் சீனியர்கள் சொல்லியிருக்கிறார்களாம். சுகரும் பிரஷரும் வரத்தான் செய்யும். அதற்கு என் கடிதம் உனக்குத் தேவையில்லை. அவர்கள் சொல்லாமல் விட்ட ஒரு நோயாளியைப் பற்றி, அப்படியொரு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்து வருஷாவருஷம் உன்னைப் போலப் பலர் அங்கே போகிறார்கள். அதனால்தான் தபாலில் அனுப்பாமல் பத்திரிகையில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அந்த நோயாளிக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். 1991 வளைகுடாப் போரில் சவூதிப் பாலைவனத்தில் லாரி ஓட்டினவர் என்று வைத்துக்கொள். ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் தொடங்கியது. மூட்டும் தசையும் வலிக்கின்றன. தூங்கி எழுந்தாலும் அசதி போவதில்லை. படித்த பக்கம் மனதில் நிற்பதில்லை. பழகின சாலையிலேயே எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒரு கணம் திகைக்கிறார். வயிறு ஒரு நாள் இளகுகிறது, மறுநாள் இறுகுகிறது. தோலில் தடிப்பு வருகிறது, போகிறது. ஒரு நாள் வீட்டு முன்னால் புல் வெட்டினால் அடுத்த இரண்டு நாள் படுக்கை. முப்பது வருஷத்துக்கு மேலாக இதே கதை. அந்தப் போருக்குப் போன ஏறத்தாழ 7 லட்சம் அமெரிக்கப் படையினரில் குறைந்தது நான்கில் ஒருவர் இப்படி இருக்கிறார் என்று, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உத்தரவுப்படி அமைந்த ஆராய்ச்சி ஆலோசனைக் குழு 2008இல் சொன்னது. வளைகுடாப் போர் நோய் என்று இதைச் சொல்கிறார்கள். பிரிட்டிஷ் படையினரிடமும் இதே தொல்லைகளைக் கண்டு லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் 1999இலேயே எழுதிவிட்டார்கள். பெண்களும் உண்டு; போனவர்களில் சுமார் 7 சதவீதம். வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் "உங்க வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டுவைக்காதே.

நம் ஊர் ஓ.பி.யில் நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட ஒரு வாக்கியம் உண்டு. "பிளட் நார்மல், ஸ்கேன் நார்மல், ஒண்ணுமில்ல, தைரியமா போங்க." வெளியே இருநூறு பேர் நிற்கும் காலை நேரத்தில் அது உண்மையிலேயே ஆறுதல், பயந்துபோய் வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போவார். அந்த வாக்கியத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகாதே. இந்த நோயாளியிடம் அதைப் பலர் பல வருஷமாகச் சொல்லியாகிவிட்டது. இந்த நோயைக் கண்டுபிடிக்க வழக்கமான லேப் பரிசோதனை எதுவும் கிடையாது. கேட்கிற ரிப்போர்ட்டெல்லாம் நார்மலாகத்தான் வரும். அதைக் காட்டி அவரை அனுப்பிவைப்பது தர்மாமீட்டரை வைத்து எடை பார்த்த கதை.

நான் உனக்குச் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். இவருக்கு நீ எழுதித்தரும் மருந்தைவிட, இவரைப் பற்றி நீ கேஸ் ஷீட்டில் எழுதும் நான்கு வரி முக்கியம். ஏன் என்று புரிய 1990க்குப் போக வேண்டும்.

அந்த மாத்திரை அட்டையை நீ பார்த்திருக்க மாட்டாய். ஒரு அட்டையில் 21 சின்ன மாத்திரைகள். ஒவ்வொன்றிலும் 30 மில்லிகிராம் பிரிடோஸ்டிக்மின் புரோமைடு. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு அட்டை ஒரு வாரத்துக்கு. மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளிக்கு நீயே இந்த மருந்தை எழுதியிருப்பாய். சதாம் உசேனின் படை சோமான் என்ற நரம்பு நச்சை வீசக்கூடும் என்று பயந்தார்கள். அந்த நச்சு அசெட்டைல்கோலினெஸ்டெரேஸ் நொதியைப் பிடித்தால் விடாது. இந்த மாத்திரை முந்திக்கொண்டு அந்த நொதியில் ஒரு பங்கைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருந்து, பிறகு விட்டுவிடும். அந்த அளவு நொதி நச்சிடமிருந்து தப்பும். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் இந்த உபயோகத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி வந்தது 2003இல். அந்தப் போரின்போது, போர்க்களத்தில் படைவீரரின் சம்மதம் கேட்காமலே கொடுக்கலாம் என்று ஒரு விதிவிலக்கை வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர் விழுங்கினார்கள். யார் விழுங்கினார், எத்தனை, எத்தனை நாள் என்பது பெரும்பாலானவர்களின் மருத்துவக் கோப்பில் இல்லை. எழுதவே இல்லை.

அதே நொதியைத் தாக்கும் வேறு சமாசாரங்களும் அங்கே இருந்தன. ஈ, கொசுவுக்காகக் கூடாரங்களில் ஆர்கனோபாஸ்பேட்டும் கார்பமேட்டும் அடித்தார்கள். சிலர் நாய்க்குக் கட்டும் உண்ணிப் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பூச்சிமருந்து குடித்தவரையும் வயலில் மருந்தடித்து மயங்கினவரையும் அட்ரோபின் ஏற்றி, கண்ணின் பாப்பா விரிகிறதா என்று ராத்திரி முழுக்க டார்ச் அடித்துப் பார்த்தவன் நீ. அந்த நொதி படுத்துவிட்டால் உடம்பு என்ன பாடு படும் என்பது உன் அட்டெண்டிங்கைவிட உனக்கு நன்றாகவே தெரியும். அங்கே நடந்தது அவ்வளவு பெரிய டோஸ் இல்லை. சின்னச் சின்ன அளவு, பல பக்கத்திலிருந்து, பல வாரம்.

பிறகு கமிசியா. தெற்கு இராக்கில் ஒரு ஆயுதக் கிடங்கு. 1991 மார்ச் மாதம் 4, 10 தேதிகளில் அமெரிக்கப் படையே அதை வெடிவைத்துத் தகர்த்தது. உள்ளே இருந்த ராக்கெட்டுகளில் சாரின், சைக்ளோசாரின் என்ற நரம்பு நச்சுகள் இருந்தது வெடிவைத்தவர்களுக்குத் தெரியாது. பென்டகன் அதை வெளியே சொன்னது 1996 ஜூனில். காற்று போன வழியில் இருந்திருக்கக்கூடியவர்கள் முதலில் சில நூறு பேர் என்றார்கள். அப்புறம் 5,000, அப்புறம் 20,000, கடைசியில் ஏறத்தாழ ஒரு லட்சம். ஐந்தாறு வருஷம் "உனக்கு ஒன்றுமில்லை" என்று கேட்டுப் பழகினவருக்கு, "நீங்களும் அந்தப் பகுதியில் இருந்திருக்கலாம்" என்று ஒரு நாள் தபால் வந்தால் அவர் யாரை நம்புவார்? நீ அறைக்குள் நுழையும்போது அவர் கையைக் கட்டிக்கொண்டு வெறித்துப் பார்த்தால், உன் நிறத்துக்காகவோ உச்சரிப்புக்காகவோ என்று முடிவு கட்டாதே. (சில சமயம் அதுவும் இருக்கும். அது வேறு கடிதம்.)

1994இல் காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வளைகுடாப் போருக்குப் போனவருக்கு, இன்ன நோய் என்று பெயர் சொல்ல முடியாத உபாதைக்கும் இழப்பீடு தரலாம் என்றது. எந்த நச்சால் வந்தது என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் உபாதை என்ன, எப்போது தொடங்கியது, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா, எந்த அளவுக்கு ஆளை முடக்குகிறது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 2017இல் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் கணக்கெடுத்தபோது, இந்த நோய்க்கான கோரிக்கைகளில் 17 சதவீதம்தான் ஏற்கப்பட்டிருந்தன. மற்ற கோரிக்கைகள் ஏற்கப்படும் விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு. இவர்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்களில் இதற்கென்று இருந்த பயிற்சியை முடித்தவர்கள் பத்தில் ஒருவர். எனக்கு ஆத்திரம் வந்தது, பத்தில் ஒருவர் என்ற அந்தக் கடைசி எண்ணைப் படித்தபோதுதான்.

இப்போது இரண்டு குறிப்புகளைப் பார். முதலாவது: "பல இடங்களில் தெளிவற்ற உபாதைகள். பரிசோதனைகள் நார்மல். மன அழுத்தமாக இருக்கலாம்."

இரண்டாவது: "1991 ஜனவரி முதல் ஏப்ரல் வரை சவூதி, தெற்கு இராக்; போக்குவரத்துப் பிரிவு. மாத்திரை அட்டை இரண்டு முடித்ததாக நினைவு. சாப்பிட்ட நாட்களில் வயிற்றுப்போக்கு, கண்ணில் நீர். கூடாரத்தில் வாரம்தோறும் பூச்சிமருந்து. போருக்கு முன் முழு உடல்தகுதி. 1992 கோடையிலிருந்து விடாத அசதி, முழங்கால், தோள் வலி, மறதி. உடலை வருத்தினால் மறுநாள் மோசமாகிறது. மனைவியும் அதையே சொல்கிறார். மறதியால் வேலையை விட்டார். அசதி, நினைவாற்றல், தசை-மூட்டு வலி மூன்றும் ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் 1998 சிடிசி வரையறைக்குப் பொருந்துகிறது."

சிடிசி என்ற அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அந்த வரையறைக்கு மூன்றில் இரண்டு இருந்தாலே போதும். 2000இல் வந்த கான்சாஸ் வரையறை இன்னும் கறாரானது. ஆறு வகைகளில் மூன்று கேட்கும். இரண்டையும் கையில் வைத்துக்கொள். இரண்டாவது குறிப்பை எழுதக் கொஞ்ச நேரம் கூடுதலாகும். பின்னால் நிற்கிறவர் முணுமுணுப்பார். ஆனால் இவரைக் கண்ணால் பார்த்தேயிராத ஒரு அதிகாரி பிறகொரு நாள் மேஜையில் வைத்துப் படிக்கப் போவது இந்த வரிகளைத்தான். படையில் இருந்தபோது எழுதாமல் விட்டதை இனி எழுத வேறு ஆள் கிடையாது.

கேட்கும் விதமும் முக்கியம். "நச்சு எதிலாவது மாட்டினீர்களா?" என்று கேட்டால் தெரியாது என்பார். 1991 மார்ச்சில் எங்கே இருந்தீர்கள், எந்தப் பிரிவு, மாத்திரை தந்தார்களா, எத்தனை நாள் சாப்பிட்டீர்கள், எச்சரிக்கை மணி அடித்ததா, எண்ணெய்க் கிணறு எரிந்த புகையில் இருந்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேள். சொல்வார்.

காரணம் என்ன என்ற சண்டைக்கு உன்னை இழுப்பார்கள். 1996இல் ஜனாதிபதி அமைத்த குழு மன அழுத்தத்துக்குப் பெரிய இடம் கொடுத்தது. 2008 குழு அதை மறுத்து, மாத்திரையையும் பூச்சிக்கொல்லியையும் காட்டியது. 2022இல் டல்லாஸில் ராபர்ட் ஹேலியின் குழு, நோயுற்ற 508 பேரையும் நலமாயிருந்த 508 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தது. சாரினைச் சிதைக்க உதவும் பிஓஎன்1 மரபணு பலவீனமான வடிவத்தில் இருந்தவர்கள், நரம்பு நச்சு எச்சரிக்கை மணியையும் கேட்டிருந்தால், நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு மிகவும் கூடியிருந்தது. என்னைக் கேட்டால், அந்த நொதியைத் தாக்கும் பொருள்கள்தான் குற்றவாளி என்பதற்கே சாட்சியம் பலமாக இருக்கிறது. ஆனால் உன் எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த ஒருவருக்கு இதில் எது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. எனவே 'சாரினால்' என்றும் எழுதாதே, 'மனசால்' என்றும் எழுதாதே. போரின் மனக்காயம் தனியாக இருந்தால் அதைத் தனியாக எழுதி, தனியாக வைத்தியம் பார்.

இது இன்று நேற்றைய விவகாரமும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், வெளிக்காயம் எதுவும் இல்லாமல் படபடப்பும் மூச்சிரைப்பும் களைப்புமாக வந்த முந்நூறு பேரைப் பிலடெல்பியாவில் பார்த்து, 1871இல் மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா பதிவு செய்தார். காரணம் பற்றிய அவர் ஊகத்தை யாரும் இப்போது பொருட்படுத்துவதில்லை. நோயாளிகளை அவர் விவரித்ததை இன்றும் படிக்கிறார்கள்.

வைத்தியம் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். குணப்படுத்தும் மருந்து இல்லை. கிருமித்தொற்று என்று எண்ணி ஒரு வருஷம் டாக்ஸிசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை என்று 2004இல் முடிவு வந்தது. உடற்பயிற்சியும் சிந்தனை-நடத்தை சிகிச்சையும் கொஞ்சம் உதவுகின்றன, கொஞ்சமே. மறுநாள் சரிந்துவிடுகிற ஆளிடம் "ஜிம்முக்குப் போங்க" என்று சொல்லாதே. ஐந்து நிமிட நடையில் தொடங்கச் சொல். வலிக்கு ஓபியாய்டு வேண்டாம். அவருடைய மருந்துப் பட்டியலை எடுத்து வாசி. ஒவ்வொரு ஸ்பெஷலிஸ்ட்டும் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருப்பார். நாலைந்தைக் குறைத்தாலே சிலருக்குத் தலை தெளிகிறது.

எதற்கெடுத்தாலும் போர் என்று எழுதிவிடுவதும் ஆபத்துதான். ஐம்பத்தைந்து வயதில் அசதி என்றால் தைராய்டு, தூக்கத்தில் மூச்சடைப்பு, ரத்தசோகை, குடல் புற்றுநோய் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. கையில் தசை மெலிந்தாலோ பேச்சு புதிதாகக் குழறினாலோ அன்றைக்கே நியூராலஜிக்கு அனுப்பு. வளைகுடா போனவர்களிடம், தசையை முடக்கும் நரம்பு நோயான ஏஎல்எஸ் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுவதாக 2001இலேயே அறிவித்தார்கள். 2008 முதல், தொடர்ந்து 90 நாள் பணியில் இருந்த எந்தப் படைவீரருக்கு அது வந்தாலும் பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். காகிதத்தைத் தாமதிக்காதே, அந்த நோய் காத்திருக்காது.

தனியாகத் திண்டாட வேண்டியதும் இல்லை. போர் தொடர்பான நோய்களுக்கென்றே வாஷிங்டனிலும், நியூஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சிலும், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவிலும் மையங்கள் இருக்கின்றன. சிக்கலான கேஸை அங்கே அனுப்பி ஆலோசனை கேட்கலாம்.

இன்னொன்று. அமெரிக்கச் சட்டப்படி வளைகுடாப் போர்க் காலம் 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி தொடங்கியது. முடிவுத் தேதி இன்றுவரை அறிவிக்கப்படவில்லை. 2003க்குப் பிறகு இராக் போனவர்களும் அதே ஏட்டில்தான் வருகிறார்கள். அவர்கள் சுவாசித்தது முகாம் குப்பையைத் திறந்த குழியில் போட்டு எரித்த புகையை. அவர்களையும் சேர்த்துத்தான் 2022 ஆகஸ்டில், நச்சுக்கு ஆளான படைவீரர்களுக்கு உதவும் பாக்ட் சட்டம் கையெழுத்தானது. ஆகவே, மூச்சு வாங்குகிறது என்று உன் வயதுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தால், எரிகுழி எந்த முகாமில், படுக்கையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மாதம் என்று அன்றைக்கே கேட்டு அன்றைக்கே எழுதிவிடு. பத்தில் ஒருவரே முடித்திருந்த அந்தப் பயிற்சி வகுப்பையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடு.

அன்புடன்,
மாமா