உறுப்புகளால் உருவாகும் மென்பொருள்

நமது ஆலந்தலைக் கடற்கரையில் வள்ளத்து எஞ்சினின் போல்ட் ஒன்று தேய்ந்துவிட்டால் எஞ்சினையே மாற்றுவார் இல்லை. கடையில் அதே அளவுள்ள போல்ட்டை வாங்கி மாட்டுகிறோம். அதைச் செய்தவர் நம் வள்ளத்தைக் கண்டவர் அல்லர்; ஆயினும் அது பொருந்துகிறது. அளவு முன்னரே வரையறுக்கப்பட்டிருப்பதே காரணம். கணினியின் மென்பொருளையும் இவ்வாறு உறுப்புகளை இணைத்து ஆக்கலாமா? இக்கேள்வி ஆராய்ச்சியாக வளர்ந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில், பெல் ஆய்வுக்கூடத்து அறிஞர் டக்ளஸ் மக்கில்ராய் இக்கருத்தை முன்வைத்தார். தொழிற்சாலைப் பொருள்களைப் போல மென்பொருள் உறுப்புகளும் பல அளவுகளில் ஆயத்தமாகக் கிடைக்க வேண்டும் என்றார். 1972-இல் டேவிட் பார்னஸ் ஒரு நெறி வகுத்தார்: ஒவ்வோர் உறுப்பும் தன் உட்செயலை மறைத்து, வெளித்தொடர்பை மட்டும் தெளிவாகக் காட்ட வேண்டும்.

ஆனால் பொருந்தும் உறுப்பெல்லாம் உதவும் உறுப்பாகுமா? 1996 ஜூன் 4 அன்று ஏரியான்-5 ராக்கெட் தன் முதற் பயணத்தில், புறப்பட்டு ஒரு நிமிடம் முடியுமுன் வெடித்துச் சிதறியது. ஏரியான்-4 ராக்கெட்டில் நன்கு உழைத்த வழிகாட்டு மென்பொருளையே அதிலும் வைத்திருந்தனர். புதிய ராக்கெட்டின் கிடைவேகம் மிகுதி. 32,767-க்கு மேற்பட்ட எண்ணை ஏற்க அங்கே இடமில்லை. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் இருந்தமையால் அதுவும் செயலிழந்தது!

அடுத்த மாதம் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கூடிய ஆய்வாளர்கள், உறுப்பின் வெளித்தொடர்போடு அதற்குத் தேவையான சூழலும் வெளிப்படையாகக் குறிக்கப்பட வேண்டும் என வரையறுத்தனர்.

இன்று உறுப்புகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. 2016 மார்ச்சில் 11 வரிகளே கொண்ட ஓர் உறுப்பை அதன் ஆசிரியர் நீக்கியதும், அதை நம்பியிருந்த எண்ணற்ற மென்பொருள்களை உருவாக்கும் பணி தடைப்பட்டது. எனவே, எந்த உறுப்பு எங்கிருந்து வந்தது என்னும் பட்டியலைப் பேணுவது புதிய ஆய்வுத் துறையாயிற்று. நம் நாட்டின் செர்ட்-இன் அமைப்பும் 2024-இல் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது.

நமக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. நாளை அங்கே பணிபுரியும் வாய்ப்பு நம்முள் சிலருக்கேனும் கிட்டலாம். பிறர் செய்ததைப் பயன்படுத்துவது அறிவுடைமை; அது எந்தச் சூழலுக்கெனச் செய்யப்பட்டது என்று ஆராய்ந்து பயன்படுத்துவதே பொறுப்புடைமை. இதனை இன்றே மனத்தில் இருத்துவோம்.